டப்பாவில் பாப்பா எங்கே?

புதுவை நேரு வீதிப் பக்கம் போனால், மருந்துக் கடையில் குழந்தை உணவு டப்பா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கொழுகொழுப் பாப்பா படம் எங்கும் இராது! 1992-ல் வந்து, 2003-ல் இறுக்கப்பட்ட சட்டத்தின் வேலை அது. இரண்டு வயது வரைக்குமான உணவுக்கு விளம்பரம் கூடாது. இலவச மாதிரியும் கூடாது.

படம் போயிற்று, சரி. சர்க்கரை?

இந்தியாவில் விற்ற செரிலாக்கில், வேளைக்குச் சராசரி 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததாக 2024-ல் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு அறிவித்தது. நெஸ்லேயின் தாய்நாடான அந்த சுவிட்சர்லாந்திலோ, இதே மாதிரி உணவைச் சர்க்கரை சேர்க்காமல் விற்கிறார்களாம்! வெள்ளைக்காரக் குழந்தைக்கு மட்டும் நாக்கு வேறா, என்ன? அதே வருஷம் சர்க்கரை சேர்க்காத ரகங்களை இங்கேயும் அறிவித்தார்கள்.

ஆகவே தாய்மார்களே, பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்த பிறகே காசை எடுங்கள். 'சுக்ரோஸ்' என்றிருந்தால் மிரள வேண்டாம். அது நம் வீட்டுச் சர்க்கரையேதான்.