கொத்துக்கறியும் பொட்டலத்தின் பின்பக்கமும்

கொத்துக்கறி என்று தனியாக ஒரு சரக்கு முன்பு கறிக்கடையில் இருக்காது. தொங்கும் ஆட்டைப் பார்த்து, தொடையில் இந்த இடம் என்று நாம் காட்ட வேண்டும். கடைக்காரர் எலும்பை நீக்கி, சவ்வை உரித்து, புளியமரக் கட்டையில் வைத்துக் கொத்துவார். "கோலா உருண்டைக்கு பாய், கொஞ்சம் கொழுப்பும் சேருங்க" என்றால் அதுவும் கண்ணெதிரே சேரும். வெள்ளாடா செம்மறியா, இளசா முற்றலா என்பதைக் கொத்துவதற்கு முன்பே பார்த்துவிடுவார்கள். கொத்திய பிறகு எந்தக் கண்ணாலும் அதைச் சொல்ல முடியாது.

இன்றும் அந்தக் கட்டை பல தெருக்களில் இருக்கிறது. ஆனால் நகரத்துக் கடைகளின் உறைபெட்டியில் அரைத்த கறி பொட்டலமாகவே வருகிறது. வெட்டுவதைப் பார்க்காத நமக்கு, பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் சாட்சி. முன்பக்கப் படத்தை நம்பி வாங்கக் கூடாது என்பேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. வெறும் கைமா என்றால் அங்கே கறி மட்டும்தான் இருக்க வேண்டும். கறிக்கு அடுத்ததாகத் தண்ணீர், பிறகு சோயா புரதம், மாவுச்சத்து என்று நீண்டால் அது கபாபுக்கோ கட்லெட்டுக்கோ கலந்த கலவை. ஐ.என்.எஸ். 451 என்ற எண் கண்ணில் பட்டால், அது கறியில் நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட். அனுமதிக்கப்பட்ட பொருள்தான், ஆனால் நீருக்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம். பொட்டுக்கடலை மாவை நாமும்தான் கோலாவில் சேர்க்கிறோம். எவ்வளவு என்பது சேர்த்த கைக்குத் தெரியும், அவ்வளவே வித்தியாசம்.

பழுப்பு முக்கோணம் அசைவம் என்று மட்டும் சொல்லும்; எந்த விலங்கு என்று சொல்லாது. அதைப் பட்டியலில்தான் தேட வேண்டும். 14 இலக்க உரிம எண்ணையும் கடைசித் தேதியையும் கட்டாயம் பாருங்கள். அரைக்கும்போது மேற்பரப்பில் இருந்த கிருமி உள்ளே முழுக்கக் கலந்துவிடும். அதனால் முழுத்துண்டைவிட அரைத்த கறி சீக்கிரம் கெடும். மைனஸ் 18 டிகிரியில் வைக்கச் சொல்வதும், நடுவரை நன்றாக வேகவிடச் சொல்வதும் இதனால்தான்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி இந்த விவரமெல்லாம் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். தமிழைக் கூடுதலாக அச்சிடலாம், கட்டாயமில்லை. கறியைத் தொட்டே தரம் சொல்லத் தெரிந்த ஒரு பாட்டி, இந்தப் பொட்டலத்தின் முன் எழுத்தறியாதவராக நிற்க நேர்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் சேர்மானப் பட்டியலும் கடைசித் தேதியும் வைக்கும் முறையும் தமிழிலும் இருக்க வேண்டும், அதுவும் வயதான கண்ணுக்குத் தெரியும் அளவில்.