முள் சொல்லும் பொய்

அரிசி அளக்கும் ஆழாக்கை யாரோ பெரிதாக மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கம்போல் நாலு என்று எண்ணித்தான் போடுவீர்கள், சோறோ மிஞ்சிப்போகும்!

லாரியின் கதையும் இதேதான். வேகமானி சாலையை அளப்பதில்லை. சக்கரம் சுற்றும் சுற்றுக்களைத்தான் எண்ணுகிறது. 100 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டயரைக் கழற்றி 105 சென்டிமீட்டர் டயரை மாட்டினால், அதுவரை சரியாக இருந்த முள் 60 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 63-இல் போகும். பாவம், டிரைவர் முள்ளை நம்புகிறார்!

பழைய லாரிகளில் வேகமானியின் கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தை மாற்றுவார்கள். இன்றைய வண்டிகளிலோ கணினியில் டயர் அளவைத் திருத்தினால் போதும்.

மூன்று கிலோமீட்டர் பெரிதா என்கிறீர்களா? வேகம் நூற்றுக்கு 5 கூடினால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நூற்றுக்கு 10 கூடுகிறது. அந்தச் சில அடிகளுக்குள் யார் வீட்டுக் குழந்தை நிற்கிறதோ!