நெடுந்தொலை ஓட்டமும் நீரும்: வீராங்கனை ஜெய்ஷாவின் வாழ்வு

முல்லைத்தீவுக்குத் தெற்கே, ஒருபாற் கடலும் ஒருபாற் களப்புமாக விளங்குவது நாயாறு. வளியில் ஈரப்பதன் மிக்கிருக்கும் நாட்களில் அக்கரையோரம் விரைந்து நடப்பவரின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை சுரப்பதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அஃது ஆவியாகும்போதே வெப்பம் நீங்குகின்றது. இச்சிறிய உண்மையே நெடுந்தொலை ஓடுவோரின் வெற்றி தோல்வியையும், சிலவேளை உயிரையுந் தீர்மானிக்க வல்லது. இதனைத் தெளிவாக உணர்த்துவது கேரளத்து வீராங்கனை ஓ. பி. ஜெய்ஷாவின் வாழ்வாகும்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர், அஃதாவது 26 மைல் 385 யார். பெண்களின் உடல் இதற்குத் தகாது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைப்புற்றதைப் பத்திரிகைகள் மிகைபடக் கூறின. அதன்பின் 1960 வரை அப்போட்டி பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 1967இல் பொஸ்ரன் நகரில் இலக்கம் பெற்று ஓடிய கத்தரின் சுவிற்சரை, ஓட்ட அதிகாரி ஒருவர் வீதியிலேயே பிடித்திழுக்க முயன்றார். 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கான மரதன் முதன்முறையாக இடம்பெற்றது. ஜோன் பெனொயிற் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் வென்று, பழைய ஐயத்தை அகற்றினார்.

இவ்வாறு திறந்த வழியிற் பின்னாளில் வந்தவரே ஜெய்ஷா. 1983இல் வயநாட்டு மாவட்டத்தில், வறுமை மிக்க குடும்பத்திற் பிறந்த இவர், முதலில் நடுத்தர தூர ஓட்டங்களிலேயே புகழ் பெற்றார். 2006இல் டோகாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 5000 மீற்றரிலும், 2014இல் இஞ்சியோனில் 1500 மீற்றரிலும் வெண்கலப் பதக்கம் வென்றார். இரு பதக்கங்களுக்கும் இடையே கழிந்தவை எட்டு ஆண்டுகள். அத்தனை காலமும் பயிற்சியைக் கைவிடாமையே அவர்தம் இயல்பைக் காட்டுவதாகும்.

2015 ஜனவரியில் மும்பாய் மரதனை 2 மணி 37 நிமிடம் 29 செக்கனில் ஓடி, பத்தொன்பது ஆண்டுகளாக நிலைத்திருந்த இந்தியச் சாதனையை முறியடித்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் பீஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 செக்கனில் ஓடிப் பதினெட்டாம் இடம் பெற்றார். ஒரு கிலோமீற்றரை ஏறத்தாழ 3 நிமிடம் 40 செக்கனாக, நாற்பத்திரண்டு முறை இடைவிடாது ஓடுதற்கு ஒப்பானது இவ்வேகம்.

மறு ஆண்டு, 2016 ஓகஸ்ட் 14ஆம் நாள், றியோ ஒலிம்பிக்கில் நிகழ்ந்தது வேறு. வெயிலில் ஓடிய ஜெய்ஷா 2 மணி 47 நிமிடம் 19 செக்கனில் 89ஆவதாக எல்லையை அடைந்து, அங்கேயே மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனையில் அவருக்கு நாளத்தின் வழியே குளுக்கோசு நீர் ஏற்றப்பட்டது. இந்தியாவுக்கென ஒதுக்கிய இடங்களில் நீர் தருவதற்கு ஒருவருமிலர் என்று அவர் பின்னர் கூறினார். தனிப்பானம் வேண்டுமா என வினவியபோது வீராங்கனையும் பயிற்றுநரும் வேண்டாவெனக் கூறினர் என்பது இந்திய மெய்வல்லுநர் சம்மேளனத்தின் மறுமொழி. இந்திய விளையாட்டு அமைச்சு இதனை ஆராயக் குழுவொன்றை அமைத்தது.

யார் கூற்று எதுவாயினும், உடலின் நியதி மாறுவதில்லை. தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன், பெரும்பாலார்க்கு முப்பது கிலோமீற்றரைக் கடந்தபின் குறைந்துவிடும். அதன்பின் கால்கள் கனக்கும், வேகம் தளரும். அதே வேளை வியர்வையால் நீர் குறையக் குருதியின் கனவளவு சுருங்கும். இதயம் மிகுதியாகத் துடித்தும், தோலுக்கும் தசைக்கும் ஒருங்கே போதிய குருதியை அனுப்ப இயலாது. அதனால் உடல் வெப்பம் ஏறும், அறிவு மயங்கும். இதனாலேயே ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றருக்கு ஒன்றாக நீர் நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. எனினும் அளவிறந்து நீர் பருகுவதும் தீதே. குருதியிலுள்ள சோடியம் செறிவு குறைந்து, மூளை வீங்கி உயிராபத்து நேரலாம். எனவே எவ்வளவு, எப்போது, எதனைப் பருகுவது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே பழகி முடிவு செய்தல் வேண்டும்.

ஜெய்ஷாவின் இரு ஓட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 12 நிமிடம் 36 செக்கன். அதனை அவர் ஊக்கத்தின் குறைவு என்று கொள்ளுதல் நேர்மையன்று. வீராங்கனை தன் உடலை ஆயத்தஞ் செய்கின்றாள். வழியில் அவளுக்கு வேண்டுவனவற்றை ஆயத்தஞ் செய்யுங் கடமை அவளை அனுப்புவோர்க்கு உரியது. பெண்ணால் ஓட முடியுமா என்ற வினாவுக்கு உலகம் விடை கண்டுவிட்டது. ஓடுபவளைக் காப்போர் எவர் என்ற வினாவே எஞ்சியுள்ளது. வெப்பமும் ஈரமும் மிக்க வன்னிக் கரையோரத்துப் பாடசாலைகளில் மாணவியரை நெடுந்தூரம் ஓட அழைக்கும் ஆசிரியர் எவரும், காலை வேளையைத் தெரிந்து, வழியில் நீரையும் நிழலையும் அமைத்து, அவ்வினாவுக்குச் செயலால் விடையளித்தல் தகும்.