செல்ஃப் சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல: பழைய காரில் கரண்ட் எங்கே நிற்கிறது?

ராத்திரி முழுக்க மழை. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. பெட்ரோல் வாடையும் வருகிறது. ஆனால் தாத்தா காலத்து அம்பாசடர் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ‘காயில் போயிருக்கும்’ என்பார் ஒருவர், ‘பிளக்கை மாத்துங்க’ என்பார் இன்னொருவர். ஒவ்வொன்றாக மாற்றினால் பர்ஸ்தான் காலியாகும். கடைசியில் பார்த்தால், விலை குறைந்த ஒரு கண்டன்சர்தான் காரணமாக இருக்கும்!

ஊகிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். கரண்ட் போகும் வழி தெரிந்தால் போதும்.

ஸ்பார்க் எப்படி வருகிறது?

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் இருப்பது சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1912 காடிலாக் காரில் வந்த அதே அடிப்படை முறை. பேட்டரியின் 12 வோல்ட், இக்னிஷன் சுவிட்ச் வழியாகக் காயிலுக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ‘பாயிண்ட்’ மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்ததும் அது சட்டென்று சரிந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. ரோட்டரும் கேப்பும் அதை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

முதலில் என்ன பார்க்கணும்?

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கட்டும். ஒரு ஸ்பேர் பிளக்கை பிளக் ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பார்க்கலாம். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், ஷாக் பலமாக இருக்கும். பெட்ரோல் கசிவு இருந்தால் இந்த டெஸ்ட்டே வேண்டாம்.

நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என அடித்தால் ஸ்பார்க் ஓகே. பிரச்சினை பெட்ரோலிலோ டைமிங்கிலோ இருக்கலாம். ஸ்பார்க்கே இல்லையா? அடுத்த படிக்குப் போங்கள்.

காயிலா, கேப்பா?

காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலிருந்து கழற்றி, அதே ஸ்பேர் பிளக்கை அதில் மாட்டிப் பாருங்கள். இங்கே ஸ்பார்க் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. கோளாறு கேப், ரோட்டர் அல்லது பிளக் ஒயர்களில். மழைக்காலத்தில் கேப்புக்குள் ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். முடி போன்ற விரிசல் இருந்தால் கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

டெஸ்ட் லேம்ப் என்ன சொல்லும்?

அங்கேயும் ஸ்பார்க் இல்லையென்றால் டெஸ்ட் லேம்பை எடுங்கள். ஒரு முனை எர்த்தில். இக்னிஷனை ஆன் செய்து, சுவிட்சிலிருந்து ஒயர் வரும் காயில் முனையில் மறுமுனையை வையுங்கள். எரியவில்லை என்றால் சுவிட்ச் அல்லது ஒயரில் கோளாறு.

எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் முனைக்கு மாற்றி, செல்ஃப் அடியுங்கள்.

● லேம்ப் மினுக்கினால்: பாயிண்ட் வேலை செய்கிறது. காயில், நடு ஒயர், கண்டன்சர் ஆகியவற்றில் சந்தேகம்.

● விடாமல் எரிந்தால்: பாயிண்ட் மூடவில்லை. அழுக்கு, கரி அல்லது அதிக இடைவெளி காரணம்.

● எரியவே இல்லையென்றால்: அந்த முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போது எரிந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால் காயிலுக்குள் கம்பி அறுந்திருக்கிறது.

பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். கருகியிருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பது வீடு போய்ச் சேர மட்டும் உதவும். புது பாயிண்ட் போடும்போது கண்டன்சரையும் மாற்றிவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை

இன்ஜின் ஓடாதபோது இக்னிஷனை நீண்ட நேரம் ஆனில் விடாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடாகிக் கெட்டுவிடும். எம்பிஎஃப்ஐ கார்களில் சென்சார்களும் இசியுவும் இருப்பதால் இந்த முறை பொருந்தாது. அங்கே ஸ்கேனர்தான் வழி.

மற்றபடி ஒரு ஸ்பேர் பிளக், ஒரு டெஸ்ட் லேம்ப், கூட ஒரு ஆள். இவ்வளவு இருந்தால், மெக்கானிக்கிடம் ‘எதையாவது மாத்துங்க’ என்று சொல்ல வேண்டியதில்லை. ‘பாயிண்ட்டைப் பாருங்க’ என்றே சொல்லலாம்.