புது வீட்ல எலி: 32 லட்சம் கொடுத்து வாங்கின வீட்ல நான் கத்துக்கிட்ட 5,100 ரூபாய் பாடம்



நெமிலியில வீடு வாங்கின கதையை சேனல்ல ஏற்கெனவே சொல்லியிருக்கேன். வீட்டுக்கடன் எப்படி வாங்கினேன், வில்லங்கச் சான்று எப்படிப் பார்த்தேன், பத்திரச் செலவு எவ்வளவு ஆச்சு, எல்லாமே அதுல வந்தாச்சு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாம விட்டுட்டேன். கொஞ்சம் வெட்கமாவும் இருந்துச்சு. அந்த வீட்ல எங்களுக்கு முன்னாடியே குடியிருந்தவங்களைப் பத்திதான் இந்தப் பதிவு. வாடகையே கொடுக்காத எலிகள்!

சிரிக்காதீங்க. இதுல பணமும் போச்சு, ஒரு ராத்திரி உயிரும் போய் வந்துச்சு.

வீடு பார்க்கப் போனப்ப நான் கவனிக்காதது

பனப்பாக்கம் சிப்காட்ல டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. அதே வருஷம் டிசம்பர்ல ஒரு பெரிய காலணித் தொழிற்சாலைக்கும் நாட்டினாங்க. அதுக்கு அப்புறம் நெமிலி, பனப்பாக்கம், காவேரிப்பாக்கம் பக்கம் மனை, வீடு தேடுறவங்க கூட்டம் ஜாஸ்தி. "இப்ப விட்டா கிடைக்காது"ங்கிற அவசரம் எனக்கும் இருந்துச்சு.

நான் பார்த்தது அஞ்சு வருஷப் பழைய 2 பெட்ரூம் வீடு. எட்டு மாசமா பூட்டிக் கிடந்தது. பின்னாடி நெல் வயல். மத்தியானம் போய்ப் பார்த்தேன், நல்ல காத்து, நல்ல வெளிச்சம். பத்திரம் சரி, பட்டா சரி. பேங்க் அனுப்பின மதிப்பீட்டாளரும் வந்து அளந்துட்டுப் போனார். அவர் வேலை வீட்டோட மதிப்பைச் சொல்றது. அடுப்படி சிங்க்குக்குக் கீழ ஓட்டை இருக்கான்னு அவர் குனிஞ்சு பார்க்க மாட்டார். அதை நாமதான் பார்க்கணும். நான் பார்க்கல.

32 லட்சத்துக்குக் கிரயம். முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 2,88,000 ரூபாய் அரசாங்கத்துக்கே கட்டினேன். தை மாசம் பால் காய்ச்சிக் குடி போனோம். பத்தே நாள்ல பின்னாடி வயல்ல அறுவடை மெஷின் இறங்குச்சு. அந்த வாரமே லாஃப்ட்ல கரகரன்னு சத்தம்.

காரணம் ரொம்ப சிம்பிள். வயல்ல நெல் இருக்கிற வரைக்கும் எலிக்கு அங்கேயே சாப்பாடும் மறைவும் இருக்கு. அறுத்துட்டா ரெண்டுமே போயிடும். பக்கத்துல பூட்டிக் கிடந்த வீடு, இப்ப அரிசி வாசனை வேற வருது. அப்புறம் எங்க போகும்?

முதல் மாசம் நான் பண்ணின தப்புச் செலவு

ராத்திரி சத்தம் கேட்டப்ப "ரெண்டு எலிதானே"ன்னு விட்டுட்டேன். அதுதான் முதல் தப்பு. சுண்டெலிக்கு சினைக்காலம் சுமார் 20 நாள்தான். ஒரு ஈத்துக்கு அஞ்சாறு குட்டி. அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்துல குட்டி போடத் தயாராயிடும். நம்ம மியூச்சுவல் ஃபண்ட்ல வராத கூட்டு வட்டி இதுல வரும்!

அடுத்த வாரம் வாஷிங் மெஷின் ஓடல. மெக்கானிக் கவுத்துப் பார்த்துட்டு, "சார், உள்ள வயரெல்லாம் எலி கடிச்சிருக்கு"ன்னார். 2,800 ரூபாய். எலிக்கு முன்பல் வாழ்நாள் பூரா வளர்ந்துக்கிட்டே இருக்கும். அதைத் தேய்க்க எதையாவது கடிச்சே ஆகணும். பசிக்காகத்தான் கடிக்குதுன்னு நினைச்சு சாப்பாட்டை மட்டும் மூடி வெச்சா வயர் தப்பிக்காது. அப்புறம் 26 கிலோ அரிசி சிப்பம் ஒண்ணு வீணாச்சு.

மாமனார் வந்திருந்தப்ப, "மாப்ள, ஒரு மருந்து வெச்சா முடிஞ்சு போற வேலை"ன்னு நீலக் கலர் எலி கேக் வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி வெச்சார். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி எட்டு மணிக்கு எங்க மூணு வயசுப் பொண்ணு கையில அந்த நீலக் கட்டி. எலி இழுத்துட்டு வந்து ஹால்ல போட்டிருக்கு. சாப்பிட்டாளா, சும்மா கையில வெச்சிருந்தாளான்னு யாருக்கும் தெரியல.

பைக்ல ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நேரத்துல 32 லட்சமும் எனக்கு ஒண்ணுமே இல்லாம போச்சு. டாக்டர் முதல்ல கேட்டது, "பாக்கெட் எங்க?"ன்னுதான். நல்லவேளை, என் மனைவி எடுத்துட்டு வந்திருந்தாங்க. ப்ரோமாடியோலோன் வகை, ரத்தம் உறையுறதைத் தடுக்கிற மருந்து. இதோட விளைவு உடனே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும். இதுக்கு மாற்று மருந்தா வைட்டமின் கே இருக்கு. ரெண்டு தடவை ரத்தப் பரிசோதனை பண்ணினாங்க. ஒண்ணுமில்லை, பொண்ணு சாப்பிடல. செலவு 3,400 ரூபாய். மாமனார் ஒரு வாரம் எங்ககிட்ட சரியா பேசவே இல்லை, பாவம்.

மருந்து ஏன் விலை ஜாஸ்தியான வழி

எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி இல்லை. 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல ஒரு குடும்பம் எலித் தொல்லைக்கு ஆள் வெச்சு வீட்டுக்குள்ள மருந்து வைக்கச் சொன்னாங்க. ராத்திரி ஏசி போட்டுப் படுத்தாங்க. காலைல எல்லாருக்கும் உடம்பு முடியல. 6 வயசுப் பொண்ணும் 1 வயசுப் பையனும் பிழைக்கல. சில எலி மருந்துகள்ல இருந்து விஷவாயு வரும். மூடின ரூம்ல அது மனுஷனையும் விடாது.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் இன்னும் மோசம். அதுக்கு மாற்று மருந்தே கிடையாது. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஆள் தேறின மாதிரி இருக்கும், அப்புறம் கல்லீரல் போயிடும். வேலூர் சிஎம்சில இப்படி வர்றவங்களுக்கு பிளாஸ்மா மாற்று சிகிச்சை கொடுக்கிறாங்க. அந்த பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு நிரந்தரமாவே தடை பண்ணியிருக்கு. எந்தக் கடையிலயாவது கொடுத்தா வாங்காதீங்க.

சின்னக் குழந்தை, நாய், பூனை இருக்கிற வீட்ல மருந்து வேண்டாம். அதோட, மருந்து தின்ன எலி லாஃப்ட்டுக்குள்ள செத்தா நாத்தம் தாங்காம நாமதான் வீட்டை விட்டு ஓடணும்.

கொத்தனார் சொன்ன கணக்கு

கடைசில பக்கத்துத் தெரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். அறுபது வயசு இருக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு சிரிச்சார். "இன்னா தம்பி, எலிக்கு மருந்து வெச்சா அடுத்த எலிக்கு எடம் காலியாவுது, அவ்ளோதான். வயலு அங்கயேதான கீது? வழிய மூடு."

நான் இத்தனை வருஷமா வீடியோல சொல்றதும் அதேதானே. வருமானம் எவ்வளவு வந்தாலும் ஓட்டையை அடைக்கலன்னா காசு நிக்காது. எலி மருந்து மாசா மாசம் கட்டுற இஎம்ஐ மாதிரி. ஓட்டையை அடைக்கிறது ஒரு தடவை செலவு.

நாங்க பண்ணினது இதுதான்:

1. வழி கண்டுபிடிக்கிறது. ராத்திரி வீட்டுக்குள்ள எல்லா லைட்டும் போட்டுட்டு வெளியே நின்னு சுத்திப் பார்த்தோம். எங்கெல்லாம் வெளிச்சம் கசியுதோ அங்கெல்லாம் வழி இருக்கு. பென்சில் நுழையுற இடுக்குல சுண்டெலி நுழையும். உள்ளே சுவர் ஓரமா கோலமாவு தூவி வெச்சா (கல்மாவு, அரிசிமாவு போட்டா விருந்து வெச்ச மாதிரி!) காலைல கால்தடம் காட்டிக் கொடுக்கும்.

2. எங்க வீட்ல இருந்த ஓட்டைகள். சிங்க் கழிவுக் குழாய் சுவரைத் தாண்டுற இடம், பழைய ஓனர் ஏசி கழட்டிட்டு அப்படியே விட்ட குழாய் ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன், பாத்ரூம் தண்ணி போற இடத்துல ஜாலி இல்லாதது, பின் கதவுக்குக் கீழ ஒரு விரல் இடைவெளி. மொத்தம் ஏழு.

3. அடைக்கிறது. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் ஸ்கிரப்பரை ஓட்டைக்குள்ள திணிச்சு, மேல சிமெண்ட் கலவை. ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் பொடிக்கண் ஜிஐ மெஷ். பாத்ரூமுக்கு ஸ்டீல் ஜாலி. கதவுக்கு அடியில அலுமினியத் தகடு. ரப்பர், தெர்மோகோல், ஸ்ப்ரே ஃபோம் இதெல்லாம் எலி கடிச்சுடும்.

4. உள்ளே மாட்டினதைப் பிடிக்கிறது. நாலு எலிக்கூண்டு, சுவரை ஒட்டி. எலி நடு ஹால்ல நடக்காது, சுவர் ஓரமாத்தான் ஓடும். முதல் ரெண்டு நாள் கதவைக் கட்டி வெச்சுட்டு தேங்காய்ச் சில்லு மட்டும் வைங்க, பயம் தெளியட்டும். அப்புறம் மசால் வடை. பத்து நாள்ல ஆறு மாட்டுச்சு. அதுக்கப்புறம் சத்தம் இல்லை.

5. சுத்தம் பண்றது. எலிப் புழுக்கையை உலர்வா பெருக்காதீங்க. ப்ளீச்சிங் பவுடர் தண்ணி தெளிச்சு ஊறவெச்சு, கையுறை போட்டுத் துடைங்க. எலிக்காய்ச்சல் கால் கைல இருக்கிற சின்னக் காயம் வழியாவும் ஏறும்.

மூக்கு நீண்டு, கீச்சுக் கீச்சுன்னு கத்திட்டுப் போனா அது மூஞ்சூறு. பூச்சி தின்னுட்டு அதுபாட்டுக்குப் போயிடும். அதைப் பார்த்து பயந்து செலவு பண்ணாதீங்க.

கணக்கு

முதல் மாசம் வீணாப் போனது: வாஷிங் மெஷின் 2,800 + அரிசி 1,500 + மருந்து, ஒட்டு அட்டை 640 + ஆஸ்பத்திரி 3,400 = 8,340 ரூபாய்.

ஓட்டை அடைச்சது: கொத்தனார், சித்தாள் ஒரு நாள் கூலி 1,900 + சிமெண்ட், மணல் 400 + மெஷ் 900 + ஜாலி 480 + கதவுத் தகடு 600 + கூண்டு 720 + ஸ்கிரப்பர் 100 = 5,100 ரூபாய்.

பத்திரச் செலவுல 2% கூட இல்லை. இதைக் குடி போறதுக்கு முன்னாடியே பண்ணியிருந்தா அந்த 8,340 மிச்சம். அந்த ராத்திரியும் வந்திருக்காது.

பணம், பத்திரம், இன்சூரன்ஸ்

2019-ல கோயம்புத்தூர் மாவட்டத்துல ஒரு விவசாயி குடிசையில சேர்த்து வெச்சிருந்த 50,000 ரூபாயை எலி கடிச்சுக் குதறின செய்தி ஞாபகம் இருக்கா? ரிசர்வ் வங்கி விதிப்படி 50 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுல, மிச்சமிருக்கிற பெரிய துண்டு 80%-க்கு மேல இருந்தா முழுப் பணம், 40% முதல் 80% வரை பாதிப் பணம், அதுக்குக் கீழ ஒண்ணுமில்லை. அதனால அவசரத்துக்குக் கொஞ்சம் தவிர பணத்தை வீட்ல வைக்காதீங்க. கடன் இல்லாத வீடுன்னா அசல் பத்திரம் லாக்கர்ல இருக்கட்டும்.

வீட்டுக்கு எடுக்கிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசில எலி கடிச்ச சேதம் கவர் ஆகாது. எலி வயரைக் கடிச்சு, அதனால தீ பிடிச்சா, தீ சேதத்துக்குக் கேட்கலாம். ஆனா ஷார்ட் ஆன அந்த மெஷினுக்கு மட்டும் கிடைக்காது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டுடுங்க. கேஸ் ட்யூபும் உள்ளே கம்பி வெச்ச சுரக்ஷா வகையா இருக்கட்டும்.

ரெரா பதிவு உள்ள புராஜெக்ட்ல புது வீடு வாங்கியிருந்தா, குழாய் சுத்தி பூசாம விட்டது மாதிரியான வேலைக் குறையை 5 வருஷத்துக்குள்ள எழுதிக் கொடுங்க. 30 நாள்ல அவங்க செலவிலேயே சரி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. என்னை மாதிரி பழைய வீடு வாங்கினவங்களுக்கு அந்த வழி இல்லை. சாதாரணமாப் பார்த்தாலே தெரியுற குறைக்கு விற்றவரைப் பிடிக்கவும் முடியாது.

அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாயங்காலம் இருட்டினப்புறம் போங்க. கையில டார்ச்சும் ஒரு பென்சிலும். சிங்க்குக்குக் கீழ குனிஞ்சு பாருங்க, லாஃப்ட்ல ஏறிப் பாருங்க. ஓட்டை இருந்தா வீட்டை வேண்டாம்னு சொல்லணும்னு இல்லை, பேரம் பேசும்போது கொத்தனார் கூலியைக் குறைச்சுக் கேளுங்க.

எங்க பொண்ணு இப்ப அந்த எலிக்கூண்டுல பொம்மை வெச்சு விளையாடுறா. உங்க வீட்டு எலிக் கதையையும் அதுக்கு ஆன செலவையும் கமெண்ட்ல சொல்லுங்க.