குட்டிக்குக் கூண்டு, மூத்ததற்கு நிம்மதி

முந்தலில் மலை ஏறத் தொடங்கும் வண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் போடிமெட்டை அடைகிறது. அந்த வண்டியில் யார் மடியிலாவது இரண்டு மாதக் கோம்பை நாய்க்குட்டி இருந்தால், பாதி மலை ஏறுவதற்குள் அவர் வேட்டியைத் துவைக்க வேண்டியிருக்கும். கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தி, பழைய துணி விரித்த கூண்டில் வைத்துக் கொண்டுவந்தால், குட்டி வளைவுக்கு வளைவு உருண்டு அடிபடாது. கூண்டின் முதல் வேலை இது. பெரிய வேலை மலைக்கு மேலே, வீட்டு வாசலில் காத்திருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது.

நம் பக்கத்தில் கூண்டு என்றாலே கடிநாயைப் பகலில் அடைத்துவைக்கும் சிறை என்றுதான் நினைப்பு. பஞ்சாரத்தை யாரும் அப்படி நினைப்பதில்லை. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பது கீரியும் பருந்தும் நெருங்காமல் இருக்கத்தான். நாய்க்குட்டிக்கான கூண்டும் அந்த வகைதான். ஒரு வேறுபாடு உண்டு: அது வெளியே இருப்பவர்களைக் குட்டியிடமிருந்தும் காக்கிறது. வயதான நாயின் வாலைக் கடித்து இழுத்து, அதன் சோற்றில் காலை வைக்கும் குட்டி ஒரு நாளில் சில மணி நேரம் அடங்கிக் கிடந்தால்தான் மூத்தது நிம்மதியாகத் தூங்கும்.

கோம்பை இனத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய, செம்பழுப்பு உடலும் கரிய வாயும் கொண்ட இந்த நாய், காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்டது. தன் எல்லை, தன் ஆள், தன் தட்டு என்பதில் அது விட்டுக்கொடுக்காது. அப்படிப்பட்ட நாய் இருக்கும் வீட்டில் இன்னொன்றை நுழைக்கும்போது எல்லைக்கோட்டை நாம்தான் போட வேண்டும்.

எந்தக் கூண்டு?

உள்ளே குட்டி தலை இடிக்காமல் நிற்கவும், ஒரு சுற்றுச் சுற்றவும், காலை நீட்டிப் படுக்கவும் முடிந்தால் போதும். அதற்கு மேல் இடம் இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறுமூலையில் சிறுநீர் கழிக்கும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாத நாயின் இயல்புதான் கூண்டுப் பழக்கத்துக்கே அடிப்படை. ஆறு மாதத்தில் கூண்டு சிறிதாகிவிடுமே என்பவர்கள், வளர்ந்த நாயின் அளவுக்கே வாங்கி நடுவில் ஒரு தடுப்பு வைத்து, குட்டி வளர வளரப் பின்னே தள்ளலாம். வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னால், கம்பி இடைவெளியில் குட்டியின் தலையோ தாடையோ சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம் ஊருக்கு ஊர் மாறும். போடியில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டை வைப்பது குட்டியை அடுப்பில் வைப்பது போல. 4,000 அடிக்கு மேலே உள்ள மெட்டிலோ பகை குளிரும் ஈரமும். அங்கே ஈரத்தரையிலிருந்து பலகை போட்டு உயர்த்தி, மேலே ஒரு போர்வை போர்த்தி, காற்றுக்கு முன்பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.

மூத்ததை முதலில் கேளுங்கள்

குட்டி வருவதற்கு முன்பே பெரிய நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கூண்டையும் ஒரு வாரம் முன்பே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். மூத்தது மோந்து பார்த்து, சலித்துப்போய், அதை வீட்டுச் சாமான்களில் ஒன்றாக ஏற்றுக்கொள்ளட்டும்.

முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். மூத்ததன் எல்லைக்குச் சற்று வெளியே இருக்கட்டும். தெருநாய்கள் நடமாடாத இடமாகப் பாருங்கள், ஏனென்றால் குட்டிக்குத் தடுப்பூசிகள் இன்னும் முடிந்திருக்காது. ஒருவர் பெரியதைத் தளர்ந்த கயிற்றில் பிடித்திருக்க, இன்னொருவர் குட்டியோடு நிற்கட்டும். சில நொடி மோந்து பார்த்ததும் இருவரையும் பிரித்து, மறுபடி சேருங்கள். பிறகு பெரியது முன்னே நடக்க, குட்டி பின்னால் வீட்டுக்குள் வரட்டும்.

மூத்தது உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது ‘போதும், தள்ளிப் போ’ என்று அது சொல்லும் மரியாதையான எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும். உறுமியதும் குட்டியைத் தூக்கிக் கூண்டில் விட்டு, மெல்லுவதற்கு ஏதாவது கொடுங்கள். இருவருக்கும் அது தண்டனையாகத் தெரியாது.

குட்டி தானே நுழைய வேண்டும்

முதல் இரண்டு நாள் கதவைத் திறந்தபடியே கட்டி வையுங்கள். உள்ளே அவித்த கோழித்துண்டு, முட்டைத்துண்டு என்று போட்டுக்கொண்டே இருங்கள். கம்பம் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: பன்னீர் திராட்சை நமக்குத்தான் விருந்து, திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் வேண்டாம்.

அடுத்து மூன்று வேளைத் தீனியையும் கூண்டுக்குள்ளேயே வையுங்கள். தின்னும்போது கதவைச் சாத்தி, தின்று முடித்ததும் திறங்கள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணி என்று நீட்டுங்கள். இதில் மூத்த நாய்க்கு வரும் லாபம் பெரியது: குட்டி கூண்டில் தின்னும்போது அது தன் தட்டில் பயமின்றித் தின்னும். இரண்டு நாய் உள்ள வீட்டில் பெரும்பாலான சண்டை தட்டில்தான் தொடங்குகிறது.

குட்டியை எவ்வளவு நேரம் அடைக்கலாம்? மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் மேல்வரம்பு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் பகலில் குறைவாக இருப்பதே நல்லது. விடியலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் கூண்டின் கதவைத் திறந்து வைத்து, அதைச் சுற்றி ஒரு மூலையைத் தட்டியால் அடைத்துவிடலாம். இல்லாவிட்டால் மதியம் வந்து பார்க்கப் பக்கத்து வீட்டாரைக் கேட்டுக்கொள்ளலாம். குட்டியைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவது மாற்று வழி அல்ல: மழைக்காலத்தில் அட்டை, மற்ற நாளில் உண்ணி, மருந்தடித்த செடி.

இரவு

முதல் சில இரவு குட்டி அழும். தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டு வந்த பிள்ளை அழாமல் என்ன செய்யும்? கூண்டை உங்கள் பாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள். விரலை நீட்டினால் மோந்து பார்க்கும் தூரம். மூத்தது படுக்கும் இடமும் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே கூண்டில் அடைக்கவே கூடாது.

நடுராத்திரி ஒரு தடவையாவது சிறுநீருக்கு எழுப்ப வேண்டும். இங்கே மலைச்சரிவின் நியாயம் வேறு. சிறுத்தைக்கு நாய் என்றால் எளிய இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய்தான் என்று கண்டார்கள். ஆகவே குட்டியைத் தனியே முற்றத்தில் விடாதீர்கள். விளக்கைப் போட்டு, கயிற்றில் பிடித்து, வாசலை ஒட்டியே முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். முடியாதென்றால் வராந்தாவில் மண் நிரப்பிய தட்டு ஒன்று போதும். இந்தக் காரணத்துக்காகவே பெரிய நாயையும் இரவில் வெளியே சங்கிலியில் கட்டாமல் உள்ளே படுக்க வைப்பது நல்லது. சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது.

சிக்கல் வரும் இடங்கள்

மூத்தது குட்டியின் கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கும். திட்டாமல் தீனி காட்டி வெளியே அழையுங்கள். அதற்கென்று தனியாக ஒரு சாக்கோ மெத்தையோ வேறு மூலையில் போட்டு, அந்த இடத்துக்குக் குட்டி போகாமல் பாருங்கள். குட்டி உள்ளே இருக்கும்போது மூத்தது கூண்டு வாசலில் வழிமறித்துப் படுத்தால் கூண்டைச் சற்று நகர்த்துங்கள்.

கூண்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். கோபத்தில் ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள். வாயில் நுரை தள்ள, பல் உடையக் கம்பியைக் கடித்தால் அது அடம் அல்ல, பீதி. அன்றே நிறுத்திவிட்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் கண்டால் பழக்குவதை மறந்துவிட்டு, குட்டியை மூத்ததிடமிருந்து பிரித்து, கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அது பார்வோ நோயாக இருந்து, நாள் கடத்தினால் குட்டி மிஞ்சாது.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-இல் வந்த மத்திய அரசின் விதி. அந்த வயது வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்த குட்டிதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிரே இருப்பதற்கு வலிக்கும் என்று கற்றிருக்கும். உங்கள் மூத்த நாய்க்கு அந்தப் பாடம் மிகவும் தேவை. விற்பவர் அவசரப்படுத்தினாலும் காத்திருங்கள். அந்த நாட்களில் கூண்டைச் செய்யக் கொடுத்துவிடுங்கள்.