கற்படுக்கையும் ஆமைக் கரையும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்துத் தம்பிகள், "ஐயா, ஏதாவது சமணக் கல்வெட்டு பத்தி எழுதுங்க" என்றுதான் சொன்னார்கள். எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வருஷம் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. என் தங்கை மகன் வடக்கு அந்தமானில், திக்லிபூர் பக்கம், கடலோரமாக ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்குப் பேசி வைத்திருக்கிறான். அதில் மூங்கில் குடிலும் மரவீடும் கட்டி, வெளியூர்க்காரர்களை இரவு தங்கவைத்து, கடலாமை முட்டையிடுவதைக் காட்டப் போகிறானாம். "மாமா, பாதி முதல் நீங்க போடணும்" என்கிறான். அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன். கல்வெட்டும் வரும்.

வீட்டை விட்டு இயற்கையின் மடியில் போய்த் தங்குவது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக் குகைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். சமணத் துறவிகள் படுக்கக் கல்லிலே படுக்கை, மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் வெட்டிய காடி, இவ்வளவுதான் அங்கே ஏற்பாடு. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் கி.மு. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவன் கணிப்பு. கொடை கொடுத்தவர்களில் வெள்ளறை நிகமத்தாரும் உண்டு. நிகமம் என்றால் வணிகர் குழு. அதாவது, காட்டுத் தங்கலுக்கு முதல் போட்டவர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தாம்! அவர்கள் மலையை மாற்றவில்லை. தண்ணீர் விழும் இடத்தை மட்டும் ஒரு விரற்கடை தள்ளி வைத்தார்கள்.

இது நிற்க. தொழிலுக்கு வருவோம்.

திக்லிபூருக்கு அருகே காலிப்பூர் கடற்கரைக்குத் தோணியாமை, பேராமை, அழுங்காமை, பங்குனியாமை என நான்கு வகை ஆமைகளும் முட்டையிட வருகின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். நம் அரசு விடுதிகளுக்குப் பெயர் வைத்தவர் ரசிகர்தான் போலும். காலிப்பூரில் ஆமையின் பெயர், ரங்கத் பக்கம் அழுங்காமையின் பெயர், தலைநகரில் மெகாபோட் பறவையின் பெயர். ஆக, ஆமையைக் காட்டித் தங்கவைப்பது இங்கே புதிதல்ல. என் மருமகன் செய்ய நினைப்பது கரைக்கு இன்னும் பக்கத்தில் போய்ப் படுக்கவைப்பது. சிக்கலே அந்தப் 'பக்கத்தில்'தான்.

2019 ஆம் ஆண்டுத் தீவுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, பெரிய தீவுகளில் அலையேற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. ஹேவ்லாக் போன்ற சிறியவற்றில் அது 20 மீட்டர். ஆமை முட்டையிடும் மணலோ முதல் வகுப்புப் பாதுகாப்பில் வருகிறது. மரவீடு, அலையாத்தி நடைபாதை போன்றவற்றுக்கு அரசு ஒப்பிய திட்டத்துக்கு உட்பட்டு இடமுண்டு, நம் இஷ்டத்துக்கு இல்லை. அந்தக் கோட்டையும் பழைய வரைபடத்தை நம்பிக் கிழிக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் கரை தாழ்ந்தது, வடக்கு அந்தமான் கரை உயர்ந்தது. தோப்பு நிலத்தில் விடுதி நடத்த நில வகை மாற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். பக்கத்தில் ஓடை முகத்துவாரம் இருந்தால் முதலையையும் விசாரிக்க வேண்டும். 2010 இல் ஹேவ்லாக்கில் கடலில் இறங்கிய அமெரிக்கப் பெண் ஒருவர் முதலையால் இறந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கட்டுவதற்குப் படாக் மரம் தேடாதே என்றேன். பாக்குமரப் பலகையும் மூங்கிலும் போதும். கூரைக்கு 'தானி' ஓலை. உப்பங்கழியில் வளரும் இந்தப் பனையின் பெயரால்தான் ரங்கத்துக்குப் பக்கத்தில் தானிநல்லா என்ற ஊரே இருக்கிறது.

புதுமை என்று சொல்லி எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதும் இங்கே பார்த்த பாடம். ஹேவ்லாக் ராதாநகர் கரையில் பேர்ஃபுட் விடுதி குடில்கள் போட்டபோது, அங்கே ராஜன் என்ற யானை கடலில் நீந்துவதைப் பார்க்க உலகமே வந்தது. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானை அது. 2002 இல் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் மரவெட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தபின் யானைகளுக்கு வேலை போயிற்று. ராஜன் 2016 இல் இறந்தது. ஓர் உயிரை நம்பிய வியாபாரம் அந்த உயிரோடு முடிந்துபோகும் என்று மருமகனிடம் சொன்னேன். இன்னொரு பக்கம், ஜாரவா காப்புப் பகுதியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சுற்றுலாத் தொழில் கூடாது என்று 2007 இல் நிர்வாகம் அறிவித்தது. அதை எதிர்த்து ஒரு விடுதிக்காரர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. திக்லிபூருக்குச் சாலைவழி போகிறவர்கள் அந்தக் காட்டை வாகன அணியோடுதான் கடக்க வேண்டும். நிறுத்தவும் கூடாது, படமும் எடுக்கக்கூடாது. 'ஜாரவா பார்க்கலாம்' என்று வாயால் சொல்லிக்கூட விருந்தாளி பிடிக்காதே என்றேன். அதில் பேச்சே கிடையாது.

இனி நான் சொல்லத் தயங்கியது. 1990களின் நடுவில், அபர்டீன் பஜாரில் மின்சாமான் கடை வைத்திருந்தேன். நடு அந்தமானில் கரையோரம் விடுதி போட்ட ஒருவருக்குப் பன்னிரண்டு பாதரச விளக்குகள் விற்று, மாட்டிக் கொடுக்க நானே போனேன். பிப்ரவரி மாதம். எங்கள் வழக்கப்படி வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும், சாப்பாட்டுக் கொட்டகைப் பக்கம் சருகு நகர்வதுபோல் சத்தம். பார்த்தால் ஆமைக் குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் போகும். இருட்டுக் காட்டைவிட, நட்சத்திர ஒளி படும் கடல்தான் அதற்கு வெளிச்சம். என் விளக்கு அந்தக் கணக்கைத் திருப்பிவிட்டது. நாய்களும் நண்டுகளும் காத்திருந்தன. கையில் பொறுக்கிக் கடலில் விட்டேன். நாற்பதுக்குமேல் எண்ணவில்லை. காலையில் விடுதிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பில் பணத்தை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினேன். எறும்புக்கும் தீங்கு எண்ணாதே என்று வளர்ந்தவன் செய்த காரியம் இது.

ஆகவே மருமகனுக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். டிசம்பரில் இங்கே மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்கிறது. ஐந்தரைக்குள் எல்லோருக்கும் சாப்பாடு முடியணும். அதற்குமேல் கடற்பக்கம் ஒரு விளக்கும் எரியக்கூடாது. நடக்கிறவர்களுக்கு வனத்துறை ஆள் அனுமதிக்கும் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். ஆமை முட்டையிட்டு முடிக்கும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது. குடில் எட்டுக்குமேல் வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் கடை மூடல். முனிவர்கள் சாதுர்மாசத்தில் ஓரிடத்தில் இருப்பதுபோல நீயும் வீட்டில் இருந்து கூரை வேய்ந்துகொள் என்றேன்.

அவன் சிரிக்கிறான். "அஞ்சரை மணிக்குச் சோறு போட்டா எவன் மாமா வருவான்? லைட் இல்லாம பொம்பளைப் பிள்ளைங்க எப்படி நடப்பாங்க?" இரண்டாவது கேள்வி நியாயமானது. அறைக்குள்ளே தரையளவில் மூடிய விளக்கு, காட்டுப் பக்கம் மட்டும் கதவு, நடைபாதைக்கு மூங்கில் கைப்பிடி என்று திருத்தி எழுதினேன். முதல் கேள்விக்கு, டில்லியிலும் சென்னையிலும் இருட்டு கிடைக்காது, அதற்குத்தான் காசு கொடுத்து வருவான் என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை. மழைமாத மூடலையும் பாதியாகக் குறைக்கச் சொல்கிறான்.

என் பங்குப் பணத்தை வங்கியில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். காகிதம் அவனிடம் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தோப்புக்காரர் பொங்கல் வரை தவணை கொடுத்திருக்கிறார்.